மூன்று மணி நேர உணவு ஆலோசனை: மெடிகேர் தரும் ஒரு சேவையின் மதிப்பீடு

அமெரிக்காவில் வயதான பெற்றோரை உடன் வைத்திருக்கும் தமிழர்கள், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், மருத்துவரின் கட்டணம், மாத்திரைச் செலவு, பல்லுக்கும் கண்ணாடிக்கும் பணம் தராத குறை என்று பேச்சு நீளும். அதே காப்பீட்டில், மருத்துவரைப் பார்ப்பது போன்ற சேவைகளுக்குப் பணம் தரும் பார்ட் பி பிரிவில், ஓர் உணவியல் வல்லுநர் நம் எதிரில் உட்கார்ந்து, தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டு வழி சொல்லும் சேவையும் அடங்கியிருக்கிறது என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் தந்தைக்கு 73 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். இப்போது சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு அவருக்காக இந்தச் சேவையைக் கடைசி நிமிடம் வரை பயன்படுத்திப் பார்த்தோம். அந்த அனுபவத்தோடு, அரசுக் காப்பீடுகளில் இதற்கு அக்கம்பக்கமாக உள்ள மற்ற ஊட்டச்சத்து உதவிகளையும் சேர்த்து இங்கே எடை போட்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே போய்விட்டால் மிக நல்ல சேவை, போவதற்குத்தான் குனிந்து நெளிய வேண்டியிருக்கிறது.

இதன் முறையான பெயர் மருத்துவ ஊட்டச்சத்துச் சிகிச்சை. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாக வந்து, 2002 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோயாளிகள், கடந்த 36 மாதங்களுக்குள் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகிய மூன்று வகையினருக்கு மட்டுமே இது உரியது. சிறுநீரக நோய் என்பதற்கும் அளவுகோல் உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்ட, இரத்தப் பரிசோதனைத் தாளில் இஜிஎஃப்ஆர் என்று வரும் எண் 15க்கும் 59க்கும் இடையில் இருக்க வேண்டும். 2022க்கு முன்பு இந்த வரம்பு 13 முதல் 50 வரை என்று இருந்தது. மேல்வரம்பை உயர்த்தியதால், நோய் முற்றுவதற்கு முன்பே பலர் உள்ளே வர முடிகிறது. அண்மைக் காலத்தில் இந்தச் சேவையில் நடந்த உருப்படியான மாற்றம் என்று நான் இதையே சொல்வேன். முதல் ஆண்டில் மூன்று மணி நேரம், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். மெடிகேர் நிர்ணயித்த கட்டணத்தை ஏற்பவரிடம் போனால், பார்ட் பி சேவைகளுக்கு வழக்கமாக நாம் கட்டும் 20 விழுக்காடும் கிடையாது, ஆண்டுதோறும் முதலில் கட்டித் தீர்க்க வேண்டிய டிடக்டபிளும் கிடையாது. எங்களுக்கு ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை.

டயாலிசிஸ் தொடங்கியவர்களை ஏன் விலக்கியிருக்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். டயாலிசிஸ் மையங்களின் மருத்துவக் குழுவில் ஓர் உணவியல் வல்லுநர் இருந்தாக வேண்டும் என்பது மெடிகேரின் விதி. அவருக்கான செலவு டயாலிசிஸ் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழந்த பிறகு உணவியல் வல்லுநர் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே உடனிருப்பார். இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டியவருக்கோ ஆண்டுக்கு இரண்டு மணி நேரத்தை அளந்து கொடுக்கிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். தொடக்கத்தில் மூன்று வாரங்கள் ஒரு கையெழுத்தால் வீணாயின. தந்தை வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் அவரைப் பார்ப்பவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்பயிற்சி பெற்ற செவிலியர். நான்கு ஆண்டுகளாகத் தந்தையின் உடம்பை அறிந்தவர் அவர்தான். வரவேற்பு மேசையில் இருந்தவர், "மெடிகேர் இதற்கெல்லாம் பணம் தராது" என்று அடித்துச் சொன்ன பிறகும், நாங்கள் வற்புறுத்தியதால் நர்ஸ் பிராக்டிஷனர் ரெஃபரல் என்னும் பரிந்துரைச் சீட்டை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினார். உணவியல் வல்லுநரின் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சட்டத்தின் சொற்படி இந்த ரெஃபரலில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர்தான் கையெழுத்திட வேண்டுமாம். நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுதலாம், இன்சுலின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால், என்ன சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று ஒருவரை அனுப்பிவைக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் சிறுநீரக மருத்துவரிடம் போனபோது அவர் இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். ஆகவே, முயல்கிறவர்கள் முதலிலேயே ரெஃபரலில் யார் கையெழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் நோயின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். "உணவு ஆலோசனை தேவை" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதுவும் திரும்பி வரும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பலகையை இந்நாட்டின் பல மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். மெடிகேர் பணம் தருவது, பட்டப்படிப்புக்குப் பின் குறைந்தது 900 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, மாநில உரிமமும் உள்ளவருக்குத்தான். ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன் என்று கேட்டால் சரியான ஆள் கிடைப்பார். அவர்களுக்கு மெடிகேர் கொடுப்பது, மருத்துவர்களுக்கான கட்டணப் பட்டியலில் உள்ள தொகையில் 85 விழுக்காடு மட்டுமே. மெடிகேர் நோயாளிகளை ஏற்கும் உணவியல் வல்லுநரைத் தேடி நான் ஏழு இடங்களைத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் அமர்வு ஒரு மணி நேரம். தந்தைக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் உடம்பைப் பற்றிப் பேசத் தமிழ்தான் வரும். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். உணவியல் வல்லுநரான அம்மையார் புன்னகையோடு மறுத்துவிட்டு, மகன் மொழிபெயர்த்தால் மகனுடைய கருத்தும் கலந்து வரும் என்று சொல்லி, தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். மத்திய அரசின் பணத்தைப் பெறும் மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஈழத்தமிழ்ப் பெண். "ஐயா, மரக்கறியைக் கூட எடுக்கச் சொல்லுறா" என்று அவர் சொன்னதும், பிறவியிலிருந்து சைவரான என் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் கறி சாப்பிடுறதில்லம்மா" என்றார். யாழ்ப்பாணத்து மரக்கறி நம்மூர்க் காய்கறிதான் என்பது தெளிவாகச் சில நொடிகள் ஆயின. அதன் பின் அறையில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

அந்த அமர்வில் என்னைக் கவர்ந்தது, உணவியல் வல்லுநர் எந்தப் பட்டியலையும் முதலில் நீட்டவில்லை என்பதுதான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை; எப்படிப் பரிமாறிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு விழும் என்பதைத் தந்தை விளக்கினார். அடுத்த அமர்வுக்குள் வீட்டில் ஒரு நாள், வழக்கம்போல் பரிமாறிய சோற்றைச் சாப்பிடும் முன் அளக்கும் கப்பில் போட்டுப் பார்த்து வரச் சொன்னார். அளந்தோம். மூன்று தடவையும் சேர்த்து இரண்டு கப்புக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. வேகவைத்த சோற்றில் ஒரு கப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து என்பது அவர்களுடைய கணக்கு. அப்படியானால் தந்தையின் மதியச் சாப்பாட்டில் சோற்றில் மட்டும் 90 கிராம். நாங்கள் திட்டை எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு: மூன்று முறையும் சாப்பிடுங்கள், ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குக் கப் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், மொத்தம் ஒரு கப், 45 கிராம். சாம்பாரில் உள்ள பருப்புக்கும் ஒரு கணக்கு உண்டு என்று தனியே சொன்னார். "ரசத்தை நிறுத்துங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் தந்தை மறுநாளே அந்தத் தாளைக் கிழித்திருப்பார். அந்த மூன்றில் ஒரு பங்குக் கப் இப்போது எங்கள் வீட்டுச் சோற்றுப் பாத்திரத்தில் கரண்டிக்குப் பதிலாகக் கிடக்கிறது.

இரண்டாம் அமர்வில் நடந்ததுதான் இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி. சமையலறையில் தந்தையின் சாப்பாட்டில் சேரும் உப்பு, பொடி, பாட்டில், பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார். அந்தப் பையில் இருந்த ஓர் உப்பு டப்பாவை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, என்னிடம் நீட்டினார். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று, சோடியம் குறைந்த உப்பாகப் பார்த்து நானே வாங்கியது. அதில் சோடியத்துக்குப் பதிலாக இருந்தது பொட்டாசியம் குளோரைடு. தந்தையின் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியவில்லை. அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் வகையைச் சேர்ந்தது. முந்தைய பரிசோதனையில் 5க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 5.6 என்று வந்திருந்தது. காரணம் புரியாமல் மருத்துவர் மறு பரிசோதனைக்கு எழுதியிருந்தார். காரணம் நான்தான். கூடவே, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் ஒரு கப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி இளநீரில் 470 மில்லிகிராம் பொட்டாசியம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. இரண்டையும் நிறுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 4.8. பதினைந்து நிமிடம் ஓடும் மருத்துவர் சந்திப்பில் இந்த உப்பு டப்பா வெளியே வந்திருக்க வாய்ப்பே இல்லை.

பொட்டாசியத்தின் அளவைச் சத்து விவரப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்ற விதி இங்கே இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றான பாஸ்பரஸுக்கு அப்படி இல்லை. அதனால் சேர்மானங்களின் பெயர்களுக்குள் "பாஸ்" (phos) என்ற துண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஓய்வுபெற்ற கணக்காளரான என் தந்தைக்கு இது பிடித்துப்போய்விட்டது. இப்போது கடையில் பூதக்கண்ணாடியோடு நின்று, வண்டியை நகரவிடாமல் படிக்கிறார்.

குறைகளும் சொல்ல வேண்டும். கையில் கொடுத்த அச்சுத்தாள்களில் ரொட்டி, ஓட்ஸ், பாஸ்தா, வாட்டிய கோழி. இட்லி, அடை, உப்புமா எதுவும் இல்லை. அந்த அம்மையார் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனம் படைத்தவர் என்பதால் எங்களுக்குக் காரியம் நடந்தது. இன்னொருவரிடம் போயிருந்தால் ஓட்ஸோடு திரும்பியிருப்போம். அதைவிடப் பெரிய குறை நேரம். மொழிபெயர்ப்பாளர் வழியாக நடக்கும் உரையாடலில் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படுகிறது. காப்பீட்டுக் கணக்கில் மூன்று மணி நேரம் என்று எழுதப்பட்டது எங்களுக்கு ஒன்றரை மணி நேரமாகத்தான் பயன்பட்டது. இதை ஈடு செய்ய வழி எதுவும் இல்லை. நோயோ சிகிச்சை முறையோ மாறி, அதற்காக மருத்துவர் மறுபடி எழுதிக் கொடுத்தால் மட்டுமே கூடுதல் நேரம் கிடைக்கும். இந்த ஆண்டு பயன்படுத்தாத நிமிடங்கள் அடுத்த ஆண்டுக்குப் போகவும் போகாது. ஆகவே டிசம்பருக்குள் முழு நேரத்தையும் எடுத்துவிடுங்கள். நாங்கள் ஒரு மணி நேரமாக இரண்டு, அரை மணி நேரமாக இரண்டு என்று பிரித்துக்கொண்டோம், அந்தப் பிரிப்பு நன்றாகவே வேலை செய்தது.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், புற்றுநோய், உடற்பருமன் இவற்றில் எதுவும் தனியாக இந்தச் சேவைக்குத் தகுதி தராது. புற்றுநோய் மருந்தால் நாக்கு மரத்து, எடை உருகிக்கொண்டிருப்பவருக்கு உணவியல் வல்லுநர் தேவையில்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். இந்தச் சட்டம் சொல்கிறது. இந்தப் பட்டியலை விரிக்கவும், நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ரெஃபரல் அதிகாரம் தரவும் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு 2018 ஏப்ரலில் தொடங்கிய வேறொரு திட்டம், மெடிகேரின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம், இருக்கிறது. அதற்கு உடல் நிறை குறியீட்டெண் 25 இருக்க வேண்டும், ஆசியர்களுக்கு 23 போதும். "நான் ஒன்றும் குண்டில்லையே" என்று ஒதுங்கும் நம்மவர்கள் இந்த 23ஐக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரும் பயிற்சி ஒன்று தனியாக உண்டு. முதல் ஆண்டில் பத்து மணி நேரம் வரை, ஆனால் அதற்கு 20 விழுக்காடு நம் பங்கு. இந்தப் பயிற்சி, உணவு ஆலோசனை இரண்டையும் பெறலாம், ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் ஒன்றுக்குப் பணம் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆலோசனை. சாப்பாட்டைத் தருமா என்று கேட்டால், அரசு நேரடியாக நடத்தும் மெடிகேர் வீட்டுக்கு உணவு அனுப்பாது. குழாய் வழி உணவு நீண்ட காலத்துக்குத் தேவைப்படுவோருக்குப் பார்ட் பி 80 விழுக்காடு கொடுக்கும். வாயால் குடிக்கும் சத்துப் பானங்களுக்குக் கொடுக்காது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில்தான் உணவு என்ற சொல் வருகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் சில நாட்களுக்குச் சாப்பாடு அனுப்புவது சில திட்டங்களில் உண்டு. 2018இல் வந்த சட்டம் ஒன்றின்படி, 2020 முதல், கடுமையான நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு மளிகைப் பொருள் வாங்க உதவவும் இத்திட்டங்களுக்கு அனுமதி இருக்கிறது. தொலைக்காட்சியில் முதியவர்களை அழைக்கும் உணவு அட்டை விளம்பரங்கள் இதிலிருந்து வருபவை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்த அட்டைக்காகத் திட்டம் மாறி, அட்டைக்கு உரிய நோய்ப் பட்டியலில் தாம் இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டார். அதற்குள் அவருடைய பழைய மருத்துவரும் புதிய திட்டத்தின் பட்டியலுக்கு வெளியே போய்விட்டார். மளிகைக்காகக் காப்பீட்டை மாற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 2022 ஜனவரியிலிருந்து, நோய்க்கேற்பச் சமைத்த உணவை நாளுக்கு இரண்டு வேளை வரை, பன்னிரண்டு வாரங்களுக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் வழங்க முடிகிறது. மாசசூசெட்ஸ் 2020இலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியது. வட கரோலினா 2022 மார்ச்சில் காய்கறிப் பெட்டியும் சமைத்த உணவும் தரத் தொடங்கி, மாநில நிதி ஒதுக்கப்படாததால் 2025 ஜூலை 1 அன்று நிறுத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு, இத்தகைய திட்டங்களுக்கு முன்பு கொடுத்திருந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நோய்க்கேற்ற உணவு என்பது அரசின் கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க்கில் 1985இலும், பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும் 1990இலும், எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிய தொண்டு அமைப்புகள் இன்றும் அந்தச் சமையலறைகளை நடத்திவருகின்றன. காப்பீட்டுப் பணம் நின்றால் அவை அடுப்பை அணைப்பதில்லை, காத்திருப்போரின் பட்டியல்தான் நீளும். இதைக் காப்பீட்டின் ஒரு சலுகை என்று சொல்வதைவிட, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளப்படும் ஒரு சோதனை முயற்சி என்று சொல்வதே பொருந்தும். குழந்தைகளைப் பொறுத்தவரை மெடிகெய்ட் தாராளமானது. 21 வயதுக்கு உட்பட்டோருக்கு மருத்துவ ரீதியாகத் தேவை என்று நிறுவப்பட்டால் ஊட்டச்சத்துச் சேவைகளுக்கும் அது கடமைப்பட்டிருக்கிறது.

பெற்றோரைப் புதிதாக அழைத்து வந்தவர்களுக்கு ஒரு செய்தி: இங்கே வேலை செய்து வரி கட்டாத பெற்றோர் 65 வயதைக் கடந்து, கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்த பின்னரே மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும். அதுவரை மேலே சொன்ன மெடிகேர் சேவைகள் எதுவும் அவர்களுக்கு இல்லை.

ரெஃபரலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதி வாங்க வேண்டும். இந்த முறை ஜனவரியிலேயே சிறுநீரக மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டோம்; இரண்டு மணி நேரத்தை நான்கு அரை மணிகளாகக் கேட்டிருக்கிறோம், முடிந்தால் அதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறோம். முதல் அமர்வு ஏப்ரலில். தந்தை கேள்விகளை டைரியில் எண்ணிட்டு எழுதிவருகிறார். முதல் கேள்வி மாம்பழத்தைப் பற்றியது, அதன் கீழ் இரண்டு கோடுகள்.